பொகவந்தலாவையில் ஒரு சேலை ஏலம்

சந்தேகம்தான் எனக்குச் சோறு போட்டது. கூடப் படித்தவர்கள் பொருளாதாரத்தை முடித்துவிட்டு வங்கிக்கும் அரசாங்கத்துக்கும் போனார்கள். மீன் ஏலத்தில் யார் யாருக்குக் கண் காட்டுகிறார்கள், மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் எந்த விரல் எந்த விரலைப் பிடிக்கிறது, ஏலச்சீட்டை முதல் மாதமே அடித்துப் பிடித்து எடுப்பவருக்கு என்ன அவசரம் என்றெல்லாம் எழுதியே நான் பேராசிரியர் ஆனேன். வீட்டில் கத்தரிக்காய் வாங்கக்கூட என்னை அனுப்புவதில்லை. கடைக்காரரைக் குறுக்கு விசாரணை செய்துவிட்டு வெறும் பையோடு திரும்பி வருவேன் என்பது மனைவியின் புகார்.

என் ஆராய்ச்சிக்கு ஒரு வில்லன் உண்டு. அவனுக்கு நான் வைத்த பெயர் உள்ளாள். விலையை ஏற்றிவிடுவதற்காக விற்பவனே கூட்டத்துக்குள் நிறுத்தி வைக்கும் ஆள். வாங்கும் எண்ணமே இல்லாமல் கேட்டுக்கொண்டே போவான். நிஜமாக வாங்க வந்தவன் அதை நம்பி ஏறுவான். உள்ளாளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நான் எழுதியதை மாணவர்கள் பரீட்சைக்காகத் திட்டிக்கொண்டே படிக்கிறார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து கண்டிக்கு ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தபோது, தேநீர் இடைவேளையில் மலையகத் தேயிலைத் தோட்டத்தைச் சேர்ந்த இளம் விரிவுரையாளர் ஒருவர் சொன்னார்: "எங்க தோட்டத்துக் கோயில்ல ஏலம் எடுத்தா காசு கட்டுறது அடுத்த வருசத் திருவிழாவுலதான், சேர். கையெழுத்து இல்ல, பிணை இல்ல. ஆனா யாரும் ஏமாத்துனது இல்ல." என் காதுக்கு அது "எங்கள் ஊரில் மழை கீழிருந்து மேலே பெய்யும்" என்பது போல் கேட்டது. ஒரு வருடக் கடன், பிணை இல்லை, ஏமாற்றுபவர் இல்லை என்றால், அங்கே கேட்கப்படும் விலையே பொய்யாக இருக்க வேண்டும். அந்த வாரம்தான் திருவிழா என்றார். ஊர் திரும்புவதைத் தள்ளிப்போட்டேன்.

மனைவி போனில் கத்தினாள். அடுத்த மாதம் எனக்கு இருதய அறுவைச் சிகிச்சை. மூன்று இடத்தில் அடைப்பு என்றார் டாக்டர். இரண்டாவதாக வேறொரு டாக்டரிடம் காட்டி, அவரும் இவரும் கூட்டாளிகளா என்று விசாரித்த பிறகுதான் நான் சம்மதித்தேன். "ரயிலில் உட்கார்ந்துதானே போகப் போகிறேன்" என்று மனைவியைச் சமாதானப்படுத்தினேன்.

ரயிலும் உட்கார்ந்துவிட்டது. வட்டவளைக்கு அருகே பாதையில் மண் சரிந்திருக்கிறது என்றார்கள். எதிரே இருந்த சிங்களக் கிழவர் தன் மனைவியிடம் சொன்னதைப் பக்கத்திலிருந்தவர் எனக்கு மொழிபெயர்த்தார்: "நீ அவித்த முட்டையைக் கொண்டுவந்த அன்றைக்கெல்லாம் ரயில் நிற்கிறது." கிழவி ஒரு முட்டையை உரித்து என்னிடம் நீட்டினாள். இந்த முட்டைக்குப் பின்னால் என்ன வரப்போகிறது என்று யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. நல்ல முட்டை.

வடைக்காரர் பருப்பு வடையை யாரோ ஒரு பிள்ளையின் கணக்குப் பரீட்சைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். விடை தப்பு. வடை நன்றாக இருந்தது. ஆனால் எனக்குச் சொன்ன விலையும் கிழவருக்குச் சொன்ன விலையும் ஒன்றா என்று ஒட்டுக்கேட்டேன். ஒன்றுதான்.

ஹட்டனில் இறங்கியபோது பஜார் முழுக்க மூடுபனி. பொகவந்தலாவை பஸ்ஸில் கண்டக்டர் சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறி "முன்னுக்குப் போங்க, முன்னுக்குப் போங்க" என்றார். முன்னுக்கு டிரைவர் மட்டுமே மிச்சம். நோர்வூட் தாண்டி ஒவ்வொரு வளைவிலும் பஸ் பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. கொல்லிமலைப் பாதையில் வாந்தி எடுக்காமல் வளர்ந்தவன் என்ற பெருமையை அங்கேயே விட்டுவிட்டேன்.

பஸ் நின்ற இடத்தில் முருகேசு காத்திருந்தார். விரிவுரையாளர் ஏற்பாடு செய்த ஆள், அவருடைய தோட்டத்திலேயே இருப்பவர், ஆட்டோ ஓட்டுபவர். நாற்பது வயது இருக்கும். விரிவுரையாளருக்கு இதில் என்ன கமிஷன் என்ற கேள்வி எனக்குள் எழுந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

"நாலு நாளும் நீங்கதான். மொத்தம் எவ்வளவு?" என்றேன்.

"குடுக்கிறதக் குடுங்க சேர்."

"அப்படியெல்லாம் வேண்டாம். ஒரு தொகை சொல்லுங்க."

"போகையில பாத்துக்கலாம் சேர். ஏறுங்க, மழை வருது."

'கொடுப்பதைக் கொடுங்கள்' என்பதைவிட ஆபத்தான விலை உலகத்தில் கிடையாது. பேரம் பேசுவதைப் பற்றி ஒரு பாடத்திட்டமே எழுதியவன் நான். தொகை சொல்லாதவன், நீ தப்பிக்க முடியாத இடத்தில் வைத்துச் சொல்வான். அன்று மட்டும் நான்கு தடவை கேட்டேன். நான்கு தடவையும் மனிதர் மழையைக் காட்டினார்.

அறைக்குப் போகும் வழியிலேயே கதை ஆரம்பித்தது. மனைவி கமலா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். போன புதிதில் தினமும் பேசினாள். ஒரு நாள் வேறு வீட்டுக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு பேச்சு மூச்சு இல்லை. கூப்பிட்டால் மணிகூட அடிப்பதில்லை. அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரர், "வீட்டுக்காரங்க போனை வாங்கி வச்சிருப்பாங்க, பொறுங்க" என்றே மாதங்களை ஓட்டுகிறார். கொழும்பில் எங்கெல்லாம் முறையிட முடியுமோ அங்கெல்லாம் போயாகிவிட்டது. இதைச் சொல்லிவிட்டு முருகேசு வண்டியை ஓரங்கட்டி, போனை என் காதருகே வைத்தார். கடைசியாக வந்த குரல் பதிவு. ஒரு பெண் அவசரமாகக் கேட்டாள்: "கூரைத் தகரத்த மாத்துனீங்களா? ஒழுகுதா இன்னும்?" அவ்வளவுதான்.

எனக்கு வருத்தமாக இருந்தது. அதே சமயம், தொகை சொல்லாத ஆட்டோக்காரர் முதல் மணி நேரத்திலேயே சோகக் கதை சொல்கிறார் என்பதையும் மனசு குறித்துக்கொண்டது. அறைக்குக் கீழே இருந்த கடையில் ரொட்டி தின்றபடி கடைக்காரரிடம் மெல்ல விசாரித்தேன். "முருகேசு பொஞ்சாதியா? பாவங்க" என்றார். கடைக்காரருக்கும் முருகேசுவுக்கும் என்ன உறவு என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளத் தந்த தேங்காய்ச் சம்பலில் இருந்த மிளகாய் என் வாயை அடைத்துவிட்டது. கூடவே கடிபட்டது மாசி என்ற காய்ந்த மீன் தூளாம். முட்டையைத் தாண்டாத சைவம் நான் என்று சொல்லியிருக்க வேண்டியது, மறந்துவிட்டேன்.

மறுநாள் தோட்டத்துக்குப் போனோம். தார்ச்சாலை முடிந்து கல்பாதை தொடங்கிய இடத்தில் ஆட்டோ சேற்றில் மாட்டிக்கொண்டது. நானும் இறங்கித் தள்ளினேன். நாலு எட்டு வைப்பதற்குள் நெஞ்சை யாரோ கையால் பிடித்தது போல இருந்தது. கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். முருகேசு ஓடி வந்தார். வேறு வழியின்றி விஷயத்தைச் சொன்னேன்: அடுத்த மாதம் நெஞ்சைத் திறக்கப் போகிறார்கள்.

"அத மொதல்ல சொல்றதில்லயா!" என்று என்னைத் திட்டினார் முருகேசு. நாங்கள் அதுவரை பேசியதில் அதுதான் சத்தமான பேச்சு. என்னை வண்டிக்குள் உட்காரவைத்துவிட்டு, மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களைக் கூப்பிட்டார். அவர்கள் கொழுந்துப் பையை இறக்கிவைத்துவிட்டு வந்து, என்னோடு சேர்த்து வண்டியைத் தள்ளினார்கள். "ஐயா கனமாத்தான் இருக்காரு" என்றாள் ஒருத்தி. எங்கள் முசிறிப் பக்கம் கேட்கும் அதே இழுப்பு, அதே நக்கல். என் ஊர்ப் பெண்கள் கடல் தாண்டி வந்து என்னைத் தள்ளுவது போல இருந்தது.

முருகேசுவின் அக்கா சரசு, தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பக்கத்து அறையில் இருப்பவர், மதியச் சோறு போட்டார். பருப்பு, கோவா வறை என்ற முட்டைக்கோஸ் பொரியல், மாசி போடாத சம்பல். விருந்தாளி சைவம் என்று முருகேசு சொல்லியிருக்கிறார். இவ்வளவு கவனிப்பா என்று நான் உஷாரானேன். சாப்பிடும்போது முருகேசுவின் கூரையைப் பார்த்தேன். புதுத் தகரம். பளபளவென்று இருந்தது.

"மாத்தி நாலு மாசமாவுது" என்றார் சரசு. "அவளுக்குச் சொல்லத்தான் வழியில்ல."

தோட்டத் தலைவர் வந்தார். தொழிலாளர்களுக்காகப் பேசுபவர், கோயில் காரியங்களுக்கும் அவரே முன்நிற்பவர். நாளைக்கு நான்தான் சிறப்பு விருந்தினர் என்று அறிவித்தார். பரிவட்டம் கட்டுவார்களாம். எனக்கு இப்போது படம் முழுதாகத் தெரிந்தது. சைவச் சாப்பாடு, சோகக் கதை, தொகை சொல்லாத வண்டி, பரிவட்டம். இந்தியாவிலிருந்து வந்த பேராசிரியர் ஏலத்தில் எதையாவது பெரிய விலைக்கு எடுப்பார் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அன்று அறைக்குத் திரும்பியதும் பர்ஸைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

திருவிழாவின் கடைசி நாள். தேர் நான் வருவதற்கு முன்பே நிலைக்கு வந்துவிட்டது. காலையில் மஞ்சள் நீராட்டு முடிந்து, ஊரே மஞ்சளாக நின்றது. மாரியம்மன் கோயில் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்காரவைத்துத் தலையில் பட்டுத் துண்டைக் கட்டினார்கள். வெயிலும் பனியும் மாறி மாறி அடித்தன. மத்தியானம் ஏலம் தொடங்கியது.

எலுமிச்சம்பழத்துக்குப் போட்டி. கலசத் தேங்காய்க்குப் பெரும் போட்டி. வாழைத்தாருக்கு இரண்டு மச்சான்கள் சண்டையே போட்டார்கள். நான் உள்ளாளைத் தேடினேன். கண் காட்டுகிறவர், தலை சொறிகிறவர், விற்பவரைப் பார்த்துவிட்டுக் கேட்கிறவர் என்று யாரும் சிக்கவில்லை. சுத்தமான ஏலம். எனக்கு லேசாக ஏமாற்றம்.

பிறகு தலைவர் அம்மன் கட்டியிருந்த அரக்குச் சேலையை உயர்த்திக் காட்டினார். கூட்டம் சட்டென்று அடங்கியது. ஓரத்தில் நின்ற முருகேசு சொன்னார்: "கமலா பேர்ல ஐயாயிரம்."

யாரும் வாய் திறக்கவில்லை. சற்றுப் பொறுத்து ஒரு குரல், "ஏழாயிரம்." திரும்பிப் பார்த்தேன். அதே முருகேசு. மறுபடியும் எதிர்த்துக் கேட்க யாரும் வரவில்லை. "பத்தாயிரம்." அதுவும் முருகேசுதான்.

எதிர்த்துக் கேட்க ஆளே இல்லை, ஆனால் கேட்டவரே தன் விலையைத் தானே ஏற்றிக்கொண்டு போகிறார். என் தொழிலில் இப்படி ஒன்றை நான் கண்டதில்லை. காசு தருகிற எவனும் இதைச் செய்ய மாட்டான். அப்படியானால் இது காசு தராத விலை, எனக்காகப் போடுகிற கூத்து. எல்லாக் கண்களும் என் பக்கம் திரும்பியிருப்பதாகவே எனக்குத் தோன்றியது. கோபம் வந்தது. ஏமாறுவதைவிட, ஏமாறத் தகுந்தவன் என்று என்னை எடைபோட்டதுதான் சுட்டது. எழுந்து நின்றேன்.

"தலைவரே, ஒரு நிமிஷம். எதிராளி இல்லாதப்ப கேட்டவரே விலையை ஏத்துறது ஏலமே இல்ல. தரம் சொல்லி முடிங்க."

முன்னாலிருந்த மைக் என் குரலைப் பிடித்து மலை முழுக்கக் கொண்டுபோனது. தலைவர் என் தலையிலிருந்த பரிவட்டத்தைப் பார்த்தார். அதைக் கட்டியிருப்பவன் சொல்லைத் தட்டுவது அவர்கள் வழக்கமில்லை போலிருக்கிறது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒரு தரம்..." என்றார். பிறகு ரொம்ப மெல்ல, "ரெண்டு தரம்..." அதோடு நின்றுவிட்டார். முருகேசு வாயைத் திறந்தார், மூடினார். கையிலிருந்த போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

பெண்கள் பக்கமிருந்து சரசு நேராக என் நாற்காலிக்கு வந்தார்.

"என்ன வேலை சேர் பண்ணிப்புட்டீங்க?"

"நான் அவருக்கு நல்லதுதானே..."

"என்ன நல்லது? தூரத்துல இருக்கவங்க பேர்ல ஏலம் எடுத்தா அவங்களேதான் வந்து காசக் கையால கட்டணும். வேற ஆளு கட்டக்கூடாது. கடன்காரிய மாரியம்மா எப்படியாச்சும் இழுத்துக் கொண்டாந்து சேத்துருவா. அதனாலதான் அந்தப் பேருக்கு எதிரா நாங்க யாரும் கேக்கிறதில்ல. கேட்டவங்களே ஏத்திக்குவாங்க."

"எதுக்கு ஏத்தணும்? ஐயாயிரமே கடன்தானே?"

"சின்னக் கடன்னா அம்மா மறந்துருவா சேர். அவளுக்கு எத்தன பேரு!" சரசு தலைவரைக் கை காட்டினார். "ரெண்டு தரம் சொன்ன பெறகு கேட்டவன் வாயால ஏத்தக்கூடாது. வேற வாய் கேட்டாத்தான் உண்டு. இங்க யாரு கேப்பா, அந்தப் புள்ள பேருக்கு எதிரா?"

கடன் வாங்கியவன் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும் என்று பெற்ற தாயைவிட அதிகமாக வேண்டிக்கொள்பவர் கடன் கொடுத்தவர்தான். வகுப்பில் சிரிப்புக்காக நான் வருடா வருடம் சொல்வது. இங்கே ஒரு மலையே அதைச் சிரிக்காமல் நம்பிக்கொண்டு நின்றது. நான் அதன் நடுவில் துண்டு கட்டிக்கொண்டு போய் விழுந்திருக்கிறேன்.

அப்போதும் என் புத்தி சும்மா இருக்கவில்லை. சரசு வந்து சொன்னதும் திட்டத்தில் ஒரு பகுதியாக இருந்தால்? நான் கேட்பதற்குத்தானே இத்தனையும்? முருகேசுவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மூன்றாம் தரத்தைச் சொல்லப்போகும் தலைவரின் வாயை, டாக்டரின் வாயைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நானும் அப்படிப் பார்த்திருக்கிறேன்.

"பன்னிரண்டாயிரம்" என்றேன்.

வாழ்நாள் முழுக்க ஏலங்களை ஆராய்ந்த நான் ஒரு ஏலத்தில் வாய் திறந்தது அதுவே முதல் தடவை. கூட்டத்தில் யாரோ "அடப்பாவி" என்றார்கள். முருகேசு என்னைப் பகையாளியைப் பார்ப்பது போல் பார்த்தார். நான் தலையை லேசாக அசைத்தேன். எந்த அசைவைக் கண்டால் சந்தேகிக்க வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேனோ, அதே அசைவு. முருகேசுவுக்குப் புரிந்துவிட்டது.

"பதினஞ்சாயிரம்!"

"பதினெட்டு."

"இருவத்தஞ்சு!"

"முப்பது" என்றேன். வாங்கும் எண்ணமே இல்லாமல் விலையை ஏற்றிக்கொண்டிருந்தேன். அசல் உள்ளாள். தலைவருக்கு உற்சாகம் வந்து, மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டார். பெண்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். முருகேசு ஐம்பது என்றதும் நான் ஐம்பத்தைந்துக்கு வாயெடுத்தேன். பின்னாலிருந்து சரசு என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார்.

"போதும் சேர். அவ வந்து கட்டவும் முடியணும்ல?"

அம்மன் மறக்காத அளவுக்குப் பெரிது, கமலா கட்டக்கூடிய அளவுக்குச் சிறிது. வாயை மூடிக்கொண்டேன். மூன்றாம் தரம் சொன்னதும் மேளம் அடித்தார்கள், பெண்கள் குலவையிட்டார்கள். முருகேசு சேலையைக் கைக்குழந்தையை வாங்குவது போல வாங்கினார். அழுதார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பனி என்று யாரிடமும் பொய் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஹட்டன் ஸ்டேஷனுக்கு முருகேசுதான் கொண்டுவந்து விட்டார். வழி முழுக்க, முன்கண்ணாடிக்குக் கீழே மாட்டியிருந்த போன் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. அவர் கண் மட்டும் ஒவ்வொரு வளைவிலும் அங்கே போய் வந்தது. பெட்டியை இறக்கிவைத்ததும் பர்ஸை எடுத்தேன். தப்பிக்க முடியாத இடம், ரயில் வரும் நேரம். தொகை இப்போது வரும் என்று என் பாடத்திட்டம் சொன்னது.

"சொல்லுங்க முருகேசு. எவ்வளவு?"

"இப்ப வேணாம் சேர். வர்ற திருவிழாவுக்கு வந்து குடுங்க."

"விளையாடாதீங்க. பெட்ரோல் காசாவது வாங்கிக்குங்க."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"சரி, கணக்கையாவது சொல்லுங்க. போய் அனுப்பி வைக்கிறேன்."

"சொன்னா அனுப்பிருவீங்க சேர்." அவர் பார்வை என் சட்டையின் மேல், நெஞ்சுக்கு நேராக நின்றது. "ஆபரேசன முடிச்சிட்டு வாங்க. கமலா சமைப்பா, சாப்பிட்டுக் கையில குடுங்க."

அவர் கண்ணில் சூது தேடினேன், பழக்க தோஷம். அங்கே இருந்ததெல்லாம் சரியாகத் தூங்காத சிவப்புதான். ரயில் வந்தது. இந்த வயதில் முதன்முறையாக, பாக்கி வைத்துவிட்டு ஒரு ஊரை விட்டுக் கிளம்பினேன்.

நாளைக் காலை எனக்கு அறுவைச் சிகிச்சை. இதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். முன்பணத்துக்கு ரசீது கேட்டு, கூட்டிப் பார்த்து, ஒரு தப்பும் கண்டுபிடித்துத் திருத்தியாயிற்று. குவைத்திலிருந்து இன்னும் செய்தி இல்லை. போனை வீட்டாரிடம் கொடுத்துவிடுங்கள் என்றாள் நர்ஸ். மகளிடம் கொடுத்தேன். "இலங்கையிலிருந்து முருகேசு என்று ஒருவர் கூப்பிட்டால், கமலா பேசினாளா என்று கேள்" என்று சொன்னேன். "ஆட்டோ பாக்கி எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிடாதே."